எந்த ஊர் நோட்டில் இந்தப் பிள்ளை?

ஏலமலைக்கு ஏறி இறங்கும் குடும்பங்களின் குழந்தைகளுக்கு ஊசி போட நர்ஸ் இருக்கிறார், மருந்தும் இருக்கிறது. யாருக்குப் போடவில்லை என்று சொல்ல வேண்டிய பதிவேடுதான் மலைச்சாலையில் தடுமாறுகிறது.

புதன்கிழமை என்றால் தமிழ்நாட்டு ஆரம்ப சுகாதார நிலையங்களில் தடுப்பூசி நாள். கைப்பிள்ளையும் அட்டையுமாகத் தாய்மார்கள் காலையிலேயே வந்து உட்கார்ந்துவிடுவார்கள். போடிநாயக்கனூரைச் சுற்றியுள்ள ஊர்களில் அதே புதன்கிழமைக்கு இன்னொரு முகமும் உண்டு. சிலமலை, ராசிங்காபுரம், தேவாரம் பக்கங்களில் விடிவதற்கு முன்பே ஏலத்தோட்டத்து ஜீப்புகள் ஆள் ஏற்றத் தொடங்கிவிடும். ஏறுகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். போடி வழியாகப் போகிற வண்டிகள் முந்தல் தாண்டி, 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, போடிமெட்டில் மாநில எல்லையைத் தொட்டு, பூப்பாறை, சாந்தன்பாறை, ராஜகுமாரி, உடும்பஞ்சோலை என்று இடுக்கி மாவட்டத் தோட்டங்களுக்குள் பிரிந்துபோகும். அவை திரும்ப அடிவாரம் சேரும்போது சுகாதார நிலையத்தில் ஊசிப் பெட்டியை மூடிப் பல மணி நேரம் ஆகியிருக்கும்.

ஒன்பதாம் மாத ஊசிக்கு உரிய பிள்ளை அன்று அப்பத்தாவின் மடியில் இருக்கும். அட்டை பீரோவுக்குள் இருக்கும். பதிவில் கொடுத்த செல்போன் எண், மலைமேல் சிக்னல் கிடைக்காத தோட்டத்தில் தாயிடமோ தகப்பனிடமோ இருக்கும். ஒரு நாள் ஊசிக்காக ஒரு நாள் கூலியை விட முடியுமா என்று அந்தக் குடும்பம் யோசிக்கும். பெரும்பாலும் அடுத்த புதன் பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவாகும். அடுத்த புதனில் அந்தப் பிள்ளை எங்கே என்று கேட்க யாருக்காவது நினைவிருக்கிறதா? அந்த நினைவைத்தான் நாம் தடுப்பூசிப் பதிவேடு என்கிறோம். முன்பு அது நர்ஸின் நோட்டில் இருந்தது. இப்போது கணினியில் இருக்கிறது.

ஒரு பிள்ளைக்கு நான்கு ஊர்

சின்னமனூரில் பிறந்து சிலமலைக்கு வாழ்க்கைப்பட்ட ஒரு பெண்ணை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். கர்ப்பம் உறுதியானதும் சிலமலைப் பக்கத்துக் கிராம சுகாதார செவிலியர் அவர் பெயரைப் பதிந்து எண் வாங்கித் தருகிறார். வளைகாப்பு முடிந்ததும் தாய்வீட்டுக்கு அழைத்துப்போகிறார்கள். பிரசவம் க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில். பிறந்த உடனே போடவேண்டிய பி.சி.ஜி., மஞ்சள் காமாலை ஊசி, சொட்டு மருந்து மூன்றும் அங்கேயே முடிந்துவிடுகின்றன. ஆறாவது வாரமும் பத்தாவது வாரமும் சின்னமனூரில். பிறகு பிள்ளையோடு புகுந்த வீடு திரும்பல். பதினான்காவது வாரம் சிலமலையில். ஏலக்காய்ப் பருவம் சூடுபிடித்ததும் கணவனும் மனைவியும் சாந்தன்பாறைப் பக்கத்துத் தோட்டத்து லயத்தில் சில மாதம் தங்கி வேலை பார்க்கிறார்கள். பால்குடி மறவாத பிள்ளையும் கூடவே போகிறது. ஒன்பதாம் மாத ஊசி கேரளத்தில்.

ஒரு வயது நிறைவதற்குள் இந்தப் பிள்ளை நான்கு இடங்களில் ஊசி போட்டுக்கொண்டுவிட்டது. ஒன்றுகூட விடுபடவில்லை. ஆனால் சிலமலைச் செவிலியரின் பட்டியலில் அது மூன்று முறை வராத பிள்ளை. சின்னமனூரில் மூன்றாம் தவணைக்கு வராத பிள்ளை. கேரளச் செவிலியரின் பார்வையில் முந்தைய வரலாறே இல்லாமல் வந்து நிற்கும் பிள்ளை. இதற்கு நேர்மாறும் நடக்கும். எல்லா ஊர்க்காரர்களும் வேறு ஊரில் போட்டிருப்பார்கள் என்று நம்பிவிட, எங்குமே ஊசி போடாத பிள்ளை ஒன்று எல்லாக் கணக்கிலிருந்தும் நழுவிவிடும். முதல் பிள்ளையையும் இரண்டாவது பிள்ளையையும் பிரித்துச் சொல்லத் தெரியாத பதிவேடு எத்தனை லட்சம் வரிகள் கொண்டதாக இருந்தாலும் பயன் இல்லை.

தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போவது நம் வழக்கம். அதனால் இந்தச் சிக்கல் தமிழ்நாடு முழுக்கவே இருக்கிறது. போடி மலையடிவாரத்தில் அதோடு பருவக் கூலி வேலையும் மாநில எல்லையும் சேர்ந்துகொள்கின்றன.

அடிக்கட்டையிலிருந்து யு-வின் வரை

இந்தியாவில் விரிவுபடுத்தப்பட்ட தடுப்பூசித் திட்டம் 1978இல் தொடங்கியது. எல்லாக் குழந்தைகளுக்கும் என்ற இலக்கோடு அனைவருக்குமான தடுப்பூசித் திட்டமாக அது மாறியது 1985இல். சமவெளியில் 5,000 பேருக்கு ஒன்று, மலைப்பகுதியில் 3,000 பேருக்கு ஒன்று என்ற கணக்கில் துணை சுகாதார நிலையங்கள் வந்தன. தமிழ்நாட்டில் அவற்றின் முகம் கிராம சுகாதார செவிலியர். ஊரார் வாயில் நர்சம்மா. கர்ப்பிணிகள், பிறப்புகள், ஊசிகள் எல்லாம் அவருடைய தடித்த நோட்டுகளில் இருந்தன.

அந்தக் காகித முறையில் ஓர் அருமையான உபாயம் இருந்தது. தாய் சேய் நல அட்டைக்கு ஓர் அடிக்கட்டை உண்டு. தாயிடம் அட்டை போகும். அடிக்கட்டையைச் செவிலியர் கிழித்து வைத்துக்கொள்வார். மாதத்துக்கு ஒரு பை என்று தைத்து, சுவரில் மாட்டிய துணியில், அடுத்த ஊசி எந்த மாதமோ அந்தப் பைக்குள் அடிக்கட்டையைச் செருகுவார். ஊசி போட்டாகிவிட்டால் அட்டை அடுத்த பைக்குத் தாவும். மாதம் முடிந்தும் ஒரு பைக்குள் அட்டை மிச்சமிருந்தால், அதுதான் விடுபட்ட பிள்ளை. மின்சாரமும் இணையமும் கடவுச்சொல்லும் இல்லாமலே தேடவேண்டிய பெயர் கைக்கு வந்துவிடும்.

பிள்ளை வாரியாகக் கணக்கு வைப்பது இந்தப் பகுதிக்குப் புதிதல்ல. தேனி தனி மாவட்டமானது 1996இல். அதற்கு முன்பு எல்லாம் மதுரை மாவட்டம். அந்தப் பழைய மதுரை மாவட்டத்தின் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில்தான் 1980இல் உலக வங்கி உதவியோடு தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் முதலில் சோதித்துப் பார்க்கப்பட்டது. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையான குழந்தைகளை மாதாமாதம் எடை பார்த்து, எடை ஏறாத பிள்ளையை மட்டும் அடையாளம் கண்டு, அந்தப் பிள்ளைக்குக் கூடுதல் உணவு கொடுத்தார்கள். ஊர்ச் சராசரியை விட்டுவிட்டு எந்தப் பிள்ளை என்று கேட்ட திட்டம் அது. அந்தக் கேள்வியால்தான் அது உலக அளவில் பேசப்பட்டது.

2008இல் தமிழ்நாடு அரசு பிக்மி என்ற கணினிப் பதிவைக் கொண்டுவந்தது. தாயையும் சேயையும் பெயர் சொல்லித் தொடரும் பதிவேடு அது. அடுத்த ஆண்டு ஒன்றிய அரசும் தாய் சேய் கண்காணிப்பு அமைப்பை அறிவித்தது. பின்னாளில் ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் 12 இலக்க ஆர்.சி.எச். (இனப்பெருக்க, குழந்தை நல) எண் வந்தது. இன்று டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி பெற அந்தப் பதிவு வேண்டும். 14,000 ரூபாய் ரொக்கமும் ஊட்டச்சத்துப் பெட்டகங்களுமாக 18,000 ரூபாய் மதிப்புள்ள அந்த உதவியில் ஒரு பகுதி, பிள்ளையின் தடுப்பூசித் தவணைகளோடு இணைக்கப்பட்டிருக்கிறது.

கொரோனா காலத்து கோ-வின் தளத்தின் அனுபவத்தில் பிறந்தது ஒன்றிய அரசின் யு-வின் தளம். மாநிலத்துக்கு இரண்டு என்று நாடு முழுவதும் 65 மாவட்டங்களில் 2023 ஜனவரியில் சோதனையாகத் தொடங்கியது. அதே ஆண்டு ஆகஸ்டு முதல் அக்டோபர் வரை, விடுபட்ட பிள்ளைகளைத் தேடி ஊசி போட நடந்த தீவிர இந்திரதனுஷ் இயக்கத்தின்போது எல்லா மாவட்டங்களுக்கும் போனது. எந்த ஊரில் ஊசி போட்டாலும் ஒரே கணக்கில் ஏறும், அடுத்த தவணைக்குக் குறுஞ்செய்தி வரும், கியூ.ஆர். குறியீட்டோடு சான்றிதழ் கிடைக்கும் என்பது இதன் வாக்குறுதி. நான்கு ஊர்ப் பிள்ளைக்காகவே செய்தது போன்ற ஏற்பாடு. நடைமுறையில் அது பிள்ளையை அடையாளம் காண்கிறதா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

ஏறி, இறங்கி, ஏறிய எண்

தடுப்பூசியில் தமிழ்நாடு எப்போதும் முன்னணி என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். தேசிய குடும்ப நல ஆய்வின் எண்கள் வேறு கதையும் சொல்கின்றன. 12 முதல் 23 மாத வயதுக் குழந்தைகளில் முழுமையாகத் தடுப்பூசி பெற்றவர்கள் 1998-99இல் 88.8 சதவீதம். 2005-06இல் 80.9, குறைந்தும்கூட அப்போது நாட்டில் முதலிடம். 2015-16இல் 69.7. அடுத்து 2019-21இல் 89.2. இருபது ஆண்டுகளில் பத்தொன்பது புள்ளி சரிந்து, மீண்டும் ஏறியிருக்கிறோம்.

சரிவுக்குக் காரணம் ஒன்றல்ல. ஆனால் 2008 ஏப்ரலைத் தாண்டிப் போக முடியாது. திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்டுக்கொண்ட நான்கு குழந்தைகள் இறந்தன. மாநிலமே அதிர்ந்தது. ஊர்களிலும் துணை நிலையங்களிலும் ஊசி போடுவதை நிறுத்தி, மருத்துவர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களில் மட்டும் போடும் ஏற்பாடு வந்தது. பாதுகாப்புக்காக எடுத்த முடிவுதான். ஆனால் வீட்டு வாசலுக்கு வந்த ஊசிக்காகத் தாய் இப்போது பஸ் ஏற வேண்டியிருந்தது. கூலிக்குப் போகிறவர்களுக்கும் மலைக் குடியிருப்புகளுக்கும் அந்தத் தூரம் என்ன என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஊருக்குள் ஊசி திரும்பி வரச் சில காலம் பிடித்தது. 2017 பிப்ரவரியில் தட்டம்மை–ரூபெல்லா இயக்கம் தொடங்கியபோது வாட்ஸ்அப்பில் பரவிய வதந்திகளால் பெற்றோர்கள் தயங்கி நின்றதும் நமக்கு நினைவிருக்கும்.

இந்த ஆய்வு எப்படி எடுக்கப்படுகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். ஆய்வாளர் வீட்டுக்கு வந்து அட்டையைக் கேட்பார். அட்டை இருந்தால் தேதி பார்த்து எழுதுவார். இல்லையென்றால் தாயின் நினைவு. தொடையில் போட்டார்களா, கையில் போட்டார்களா, வாயில் சொட்டு விட்டார்களா, எத்தனை முறை என்று கேட்பார். நல்ல பதிவேடு இருந்தால் பல ஆண்டுக்கு ஒருமுறை நினைவைக் கிளற வேண்டியதில்லை. மாவட்டத்தின் நிலை மாதாமாதம் தெரியும். சரிவு தொடங்கிய மாதத்திலேயே கண்டுபிடித்திருக்கலாம்.

நூற்றுக்கு நூற்றி நாலு

சுகாதாரத் துறைக் கூட்டங்களில் சில சமயம் நூறு சதவீதத்தைத் தாண்டிய சாதனைகள் வாசிக்கப்படும். இல்லாத பிள்ளைக்கு எப்படி ஊசி? விடை பகுதியில் இருக்கிறது, தொகுதியில் இல்லை. போட்ட ஊசிகளின் எண்ணிக்கை உண்மையானது. ஆனால் எத்தனை பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பது மதிப்பீடு. தமிழ்நாட்டின் பிறப்பு விகிதம் 2020இல் ஆயிரத்துக்கு சுமார் 14. ஐந்தாயிரம் பேருள்ள துணை நிலையத்தில் ஆண்டுக்கு 70 பிறப்பு என்று கணக்குப் போட்டு இலக்கு வைப்பார்கள். தாய்வீட்டுக்கு வந்த பத்துப் பெண்களின் பிள்ளைகள் அங்கே ஊசி போட்டுக்கொண்டால் சதவீதம் எகிறும். ஜீப்பேறிப் போன குடும்பங்கள் அதிகமுள்ள அடுத்த ஊரில் அது சறுக்கும். முதல் ஊருக்குக் கைதட்டல், இரண்டாவது ஊருக்கு விளக்கக் கடிதம். இரண்டிலும் விடுபட்ட பிள்ளையின் பெயர் யாருக்கும் தெரியாது.

பெயர் வாரிப் பதிவு இந்த மாயத்தை உடைக்க வேண்டும். மதிப்பீட்டு 70க்குப் பதிலாக, உண்மையில் பிறந்த, இப்போது இங்கே வசிக்கிற பிள்ளைகளின் பட்டியல் கையில் இருக்க வேண்டும். எழுபது பிள்ளைகள், இரண்டு வயதுக்குள் ஆறு வருகைகள் என்றால் ஆண்டுக்கு 420 வருகைகள். ஒரு செவிலியரால் தாங்கக்கூடிய வேலைதான். அவருக்கு வேறு நோட்டுகளும் வேறு செயலிகளும் வேறு கூட்டங்களும் இல்லாமல் இருந்தால்.

பத்துப் பிள்ளை விடுபட்டால் என்ன?

நூற்றுக்குத் தொண்ணூறு போதாதா என்று கேட்கலாம். தட்டம்மையைக் கேட்டால் போதாது என்று சொல்லும். தடுப்பாற்றல் இல்லாத கூட்டத்தில் ஒரு நோயாளி 12 முதல் 18 பேருக்கு அதைக் கொடுக்க முடியும். அதனால்தான் இரண்டு தவணையும் 95 சதவீதம் என்ற இலக்கு. ஒன்பது மாதத்தில் போடும் முதல் தவணை நூற்றில் சுமார் 85 பிள்ளைகளிடம்தான் பிடிக்கும். தாயிடமிருந்து வந்த எதிர்ப்பாற்றல் மீதிப் பேருக்குக் குறுக்கே நிற்கும். நூறு பிள்ளைகளில் தொண்ணூறு பேருக்குப் போட்டு, அதில் 85 சதவீதம் பிடித்தால், பாதுகாப்பு பெற்றவர்கள் எழுபத்தாறோ எழுபத்தேழோதான். இருபத்து மூன்று பேர் திறந்த வெளியில் நிற்கிறார்கள். எழுபது பிறப்புள்ள துணை நிலையத்தில் இது ஆண்டுக்குப் பதினாறு. நான்கு ஆண்டில் அறுபதுக்கு மேல் சேர்ந்துவிடும். ஒரே பால்வாடியிலும் ஒரே கோயில் திருவிழாவிலும் சந்தித்துக்கொள்ளும் பிள்ளைகள் அவர்கள்.

இந்த ஓட்டையை அடைப்பது 16 முதல் 24 மாதத்துக்குள் போடும் இரண்டாம் தவணை. பிள்ளை நடக்கத் தொடங்கியிருக்கும், தாய் வேலைக்குத் திரும்பியிருப்பார், நிதியுதவியின் தவணைகளும் முடிந்திருக்கும். எளிதில் மறந்துபோகும் ஊசியும் இதுதான். பக்கத்து மாநிலம் நமக்குப் பாடம். தடுப்பூசியில் பெயர்பெற்ற கேரளத்தில், மலப்புரம் மாவட்டத்தில் 2016இல் தொண்டை அடைப்பான் நோயும் 2022 இறுதியில் தட்டம்மையும் பரவின. மாநிலச் சராசரி நன்றாக இருக்கும்போதே, ஊசி போடாதவர்கள் ஓரிடத்தில் குவிந்திருந்தால் நோய்க்கு அது போதும். அந்தக் குவியல் எங்கே என்று வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டுவதே பதிவேட்டின் வேலை.

எந்த வயதில் எந்த ஊசி

பிறந்தவுடன்: பி.சி.ஜி., மஞ்சள் காமாலை ஊசி, போலியோ சொட்டு மருந்து

6, 10, 14 வாரங்கள்: பென்டா ஊசி, போலியோ சொட்டு, ரோட்டா சொட்டு, 6, 14ஆம் வாரங்களில் கூடுதலாகப் போலியோ ஊசியும் நிமோனியா தடுப்பூசியும்

9 மாதம் முடிந்ததும்: தட்டம்மை–ரூபெல்லா முதல் தவணை, நிமோனியா ஊக்கத் தவணை, போலியோ ஊசி மூன்றாம் தவணை, வைட்டமின் ஏ

16–24 மாதம்: தட்டம்மை–ரூபெல்லா இரண்டாம் தவணை, முத்தடுப்பு ஊக்கத் தவணை, போலியோ சொட்டு

5–6 வயது: முத்தடுப்பு இரண்டாம் ஊக்கத் தவணை

10, 16 வயது: டி.டி. ஊசி

தேதி தாண்டிவிட்டால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதில்லை. விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அட்டை தொலைந்தாலும் சுகாதார நிலையத்துக்குப் போகத் தயங்க வேண்டாம்.

எல்லைக்கு அந்தப் பக்கம்

போடிமெட்டுக்கு மேலே வேறு மாநிலம், வேறு மாவட்டம், வேறு சுகாதார இயக்ககம். அங்கே கிராம சுகாதார செவிலியரின் வேலையை ஜூனியர் பப்ளிக் ஹெல்த் நர்ஸ் பார்க்கிறார். மலையாள மண்ணில் தமிழ்க் குடும்பங்கள் மட்டுமில்லை. ஜார்க்கண்ட், மத்தியப் பிரதேசம், அசாம் மாநிலங்களிலிருந்து வந்த குடும்பங்களும் இன்று ஏலத்தோட்ட லயங்களில் தங்கி வேலை செய்கின்றன. தினமும் போய்த் திரும்புகிறவர், பருவத்துக்குத் தங்குகிறவர், தோட்டம் விட்டுத் தோட்டம் மாறுகிறவர் என்று மூன்று விதமான நடமாட்டம். மூன்றுக்கும் ஒரே பதிவு முறை பொருந்தாது. தினமும் திரும்புகிறவருக்கு நேரம்தான் சிக்கல். மாலையிலோ விடுமுறை நாளிலோ ஊசி முகாம் வைத்தால் தீரும். தங்குகிறவருக்கு இரண்டு ஊர்ச் செவிலியர்களும் பேசிக்கொள்ள வேண்டும். மாறிக்கொண்டே இருப்பவருக்குக் கையிலுள்ள அட்டையே பதிவேடு.

தமிழ்நாட்டுப் பக்கத்திலும் மலை இருக்கிறது. கொட்டக்குடி, குரங்கணி, அதற்கு மேலே முதுவர் குடியிருப்புகள். ஜீப் போகும் வரை ஜீப், பிறகு நடை. இங்கெல்லாம் ஊசி போடப் போகிற செவிலியருக்கு இன்னொரு கணக்கு உண்டு. தட்டம்மை–ரூபெல்லா குப்பியில் ஐந்து தவணை; பி.சி.ஜி. குப்பியில் பத்து. கரைத்துவிட்டால் நான்கு மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும், மிச்சம் குப்பைக்கு. ஒரே ஒரு பிள்ளை வந்தாலும் குப்பியைத் திறக்கலாம் என்பதே விதி. ஆனால் வீணடித்தீர்கள் என்ற கேள்விக்குப் பயந்து, நாலு பிள்ளை சேரட்டும் என்று திருப்பி அனுப்புவதும் உண்டு. அப்படிப் போன பிள்ளை திரும்பி வருவது நிச்சயமில்லை. அடுத்த வாரம் எந்தக் குடியிருப்பில் எத்தனை பேருக்கு ஊசி என்று பதிவேடு முன்கூட்டியே சொன்னால், குப்பியும் மிச்சம், நடையும் மிச்சம், பிள்ளையும் தப்பாது.

உலகம் கற்றது

தடுப்பூசிக் கணக்கைக் கணினிக்கு மாற்றுவது புதிய யோசனை இல்லை. இங்கிலாந்தின் மேற்கு சசெக்ஸ் கவுண்டி 1960களின் தொடக்கத்திலேயே அதைச் செய்தது. யார் எப்போது வர வேண்டும் என்ற அழைப்பைக் கணினியே தயாரித்தது. அமெரிக்கா விழித்துக்கொண்டது 1989 முதல் 1991 வரை அடித்த தட்டம்மை அலையில். 55,000க்கு மேற்பட்டோருக்கு நோய் கண்டது. 120க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். நோய் வந்தவர்களில் பெரும் பகுதியினர் ஊசி போடாத சின்னஞ்சிறு பிள்ளைகள். அந்தப் பிள்ளைகள் யார் என்று முன்பே தெரியாமல் போனதே என்ற கேள்வியிலிருந்துதான் அங்கே வட்டார அளவிலான பதிவேடுகளுக்குப் பணமும் வேகமும் கிடைத்தன. ஆஸ்திரேலியா 1996இல் நாடு முழுவதற்கும் குழந்தைத் தடுப்பூசிப் பதிவேடு தொடங்கி, குடும்ப உதவித்தொகையை அதோடு இணைத்தது. 2016இல் அதை எல்லா வயதினருக்குமாக விரித்தது.

நமக்கு நெருக்கமான பாடம் இலங்கையில் இருக்கிறது. களுத்துறையில் 1926இல் முதல் சுகாதாரப் பிரிவு தொடங்கிய காலத்திலிருந்து அங்கே வளர்ந்துவந்த முறையில், ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு குடும்பநல மாது. அவர் வீடு வீடாகப் போவார். தன் பகுதியில் பிறந்த பிள்ளையின் பெயர் அவர் பதிவேட்டில் ஏறும். குடும்பம் இடம் மாறினால் அந்தத் தகவலும் ஏறும். பெருமளவு காகிதத்திலேயே நடந்த இந்த முறையில், இலங்கையின் குழந்தைத் தடுப்பூசி அளவு பல ஆண்டுகளாக 95 சதவீதத்துக்கு மேல். கணினி இல்லாமலும் பதிவேடு நன்றாக நடக்கும். பொறுப்பான ஆள் இல்லாமல் எந்தக் கணினியிலும் நடக்காது.

தொடங்குவது எளிது, பேணுவது கடினம்

மதுரை, தேனிச் சீமையில் பதிவேடு பேணும் கலையை யாருக்கும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு வீட்டிலும் மொய் நோட்டு இருக்கிறது. இருபது ஆண்டுக்கு முன் காதுகுத்துக்கு யார் எவ்வளவு செய்தார், எந்த ஊர், யார் மகன், இப்போது எங்கே குடியிருக்கிறார் என்று சொல்லிவிடுவார்கள். அந்த நோட்டு சாகாமல் இருப்பதற்குக் காரணம், அடுத்த விசேஷத்துக்கு அதை எடுத்துப் பார்த்தே ஆக வேண்டும். எழுதியவரே திரும்பப் படிக்கிறார். தடுப்பூசிப் பதிவில் எழுதுகிறவர் செவிலியர், படிக்கிறவர் மாநிலத் தலைநகரில். செவிலியருக்கு அது தன் வேலைக்கு உதவும் கருவி என்பதைவிட, மேலே அனுப்பும் அறிக்கையாகவே தெரிகிறது. இணையப் பதிவின் சுமையைப் பற்றிக் கிராம சுகாதார செவிலியர் சங்கங்கள் போராட்டங்களில் பேசிவருவதன் வேர் இங்கே இருக்கிறது. ஒரே பிள்ளையை நோட்டிலும் எழுதி, மாநிலத் தளத்திலும் ஏற்றி, ஒன்றியத் தளத்திலும் ஏற்றச் சொன்னால், மாலையில் அவர் பிள்ளையைத் தேடிப் போவாரா, சிக்னலைத் தேடிப் போவாரா?

பேணுவது என்றால் அழிப்பதும்தான். இறந்த பிள்ளையின் பெயரை நீக்க வேண்டும். இடம் பெயர்ந்த பிள்ளையைச் சேரும் ஊருக்கு மாற்ற வேண்டும். இரட்டைப் பதிவை ஒன்றாக்க வேண்டும். நம் பிள்ளைகளுக்குப் பிறந்தவுடன் பெயர் வைப்பதில்லை. அதனால் பல மாதங்கள் இன்னாரின் குழந்தை என்றே பதிவில் இருக்கும். தாய் பெயரையும் ஊருக்கு ஊர் ஒவ்வொரு எழுத்துக்கூட்டலில் ஏற்றுவார்கள். பிறப்புப் பதிவு எண்ணோடு தடுப்பூசிப் பதிவைப் பிறந்த மருத்துவமனையிலேயே இணைத்துவிட்டால் இந்தக் குழப்பத்தில் பாதி தீரும்.

இணைப்பது வேறு, நிபந்தனையாக்குவது வேறு. 2018 தொடக்கத்திலிருந்து பிறப்புச் சான்றிதழுக்கு ஆர்.சி.எச். எண் கட்டாயம் என்று தமிழ்நாடு கொண்டுவந்த ஏற்பாடு பதிவை உயர்த்தியிருக்கலாம். ஆனால் பிறப்புச் சான்றிதழ் பிள்ளையின் உரிமை. மலையில் பிறந்த பிள்ளையும், வெளிமாநிலத் தொழிலாளியின் பிள்ளையும், மணமாகாத தாயின் பிள்ளையும் அதற்காக அலையக் கூடாது. எண் இல்லாமல் வந்தால் அந்த இடத்திலேயே எண் கொடுத்து, சான்றிதழும் கொடுக்க வேண்டும். இந்தப் பதிவுகளில் கர்ப்பம், கருக்கலைவு, கருத்தடை என்று ஒரு பெண்ணின் மிக அந்தரங்கமான செய்திகள் இருக்கின்றன. யார் எதைப் பார்க்கலாம் என்ற எல்லை தெளிவாக இல்லாவிட்டால், பதிவுக்கே வராமல் ஒதுங்குகிறவர்கள் பெருகுவார்கள். அவர்களுடைய பிள்ளைகள்தான் கணக்கில் விடுபடுவார்கள்.

என்ன செய்யலாம்?

பெரிய பணம் தேவையில்லாத சில காரியங்கள் இருக்கின்றன. ஜீப் போகும் ஊர்களில் மாதத்துக்கு ஒருமுறையாவது புதன் தவிர்த்த நாளில், கூலி போகாத நேரத்தில் ஊசி முகாம் வைக்கலாம். போடி ஒன்றியத்து மருத்துவ அலுவலரும் எல்லைக்கு அப்பாலுள்ள ஆரம்ப சுகாதார நிலையங்களின் மருத்துவ அலுவலர்களும் ஏலக்காய்ப் பருவத்தில் வாரந்தோறும் பட்டியல் மாற்றிக்கொள்ளலாம். யு-வின் எண் இருந்தால் அதற்கு ஒரு தொலைபேசி அழைப்பு போதும். செவிலியர் ஒரே இடத்தில் ஒருமுறை ஏற்றினால் மாநிலத் தளத்துக்கும் ஒன்றியத் தளத்துக்கும் அதுவே போய்ச் சேரவேண்டும்; அதைப் பார்த்துக்கொள்வது மென்பொருளாளர் வேலை. பதிவில் தாய் தகப்பன் எண்ணோடு பிள்ளையை வைத்திருக்கும் அப்பத்தா அல்லது அம்மாச்சியின் எண்ணையும் சேர்க்கலாம். குறுஞ்செய்தி படிக்காதவருக்குக் குரல் அழைப்பு போகலாம். இணையம் விழுந்தாலும் வேலை நிற்காமலிருக்க, அடிக்கட்டைப் பையைச் சுவரிலிருந்து கழற்றாமல் இருக்கலாம்.

அதைவிட முக்கியம், மாவட்ட ஆய்வுக் கூட்டத்தில் கேட்கும் கேள்வியை மாற்றுவது. எத்தனை சதவீதம் என்று கேட்டால் செவிலியர் சதவீதத்தைக் கொண்டுவருவார். இந்த மாதம் வரவேண்டிய பிள்ளைகளில் வராதவர் எத்தனை பேர், அவர்களில் இன்று எங்கே இருக்கிறார்கள் என்று தெரிந்தவர் எத்தனை பேர் என்று கேட்டால், அந்த விடையைத் தேடிக்கொண்டு வருவார். முதல் எண் பெரிதாக இருந்தாலும் இரண்டாவது எண் அதற்குச் சமமாக இருக்கிற ஊரில் பதிவேடு வேலை செய்கிறது. அப்படிப்பட்ட ஊரின் செவிலியரைக் கடிந்துகொள்ளக் கூடாது, பாராட்ட வேண்டும். நூற்றுக்கு நூறு என்று எழுதிவிட்டு ஒரு பெயரைக்கூடச் சொல்லத் தெரியாத ஊர் எதுவோ, மாவட்ட நிர்வாகம் முதலில் அங்கே ஆள் அனுப்ப வேண்டும்.